மூச்சு நின்றால் எத்தனை நிமிடம்

செஷன்ஸ் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவனுக்குக் கொலை என்பது கட்டுக்கட்டாக வந்து சேரும் காகிதம். பிரேதப் பரிசோதனைச் சான்றிதழை நீதிபதியின் மேசைக்கு அனுப்புமுன் நான் படிக்காமல் விட்டதில்லை. ‘இடது கழுத்தில் ஒன்பது சென்டிமீட்டர் நீளம், எலும்பு வரை ஆழம்’ என்று படித்துவிட்டு ஒரு மணிக்குத் தயிர்ச்சாதத்தைப் பிரிப்பேன். முதல் ஆறு மாதம் சாதம் இறங்கவில்லை. பிறகு ஊறுகாயும் சேர்த்து இறங்கியது.

சான்றுப் பொருள் அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. அரிவாள்கள், காக்கித்தாளில் சுற்றிய லுங்கிகள், ரத்தம் காய்ந்து பலகைபோல் ஆன சட்டைகள், ஒருமுறை ஒரு கைக்கடிகாரமும் அதைக் கட்டியிருந்த மணிக்கட்டின் தோல் கொஞ்சமும். எல்லாவற்றுக்கும் ஒரு எண், ஒரு சீட்டு. வாய்தாவுக்கு வந்த ஒருவனைக் கோர்ட் வாசலிலேயே நான்கு பேர் வெட்டிச் சாய்த்த நாளும் உண்டு. உள்ளே அவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அவன் வாசலில் தன் இரண்டு விரல்களைத் தேடிக்கொண்டிருந்தான். குற்றம் சாட்டப்பட்டவனைக் கோர்ட் பாஷையில் எதிரி என்போம்; அன்றைய குறிப்பில் ‘எதிரி ஆஜரில்லை’ என்று எழுதியவன் நான். நடைமுறைப்படி அது சரி.

அந்தக் காலத்தில் கொலையை நிரூபிக்க மனிதர்கள் வேண்டும். பார்த்தவன், கேட்டவன், அரிவாளை எடுத்துக் கொடுத்தவன். மூவரும் கூண்டில் ஏறி ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்பார்கள். பிறழ் சாட்சி என்று எழுதுவோம். என் கடைசி ஐந்தாறு வருடங்களில் புதுச் சாட்சி ஒன்று வந்தது. அதை மிரட்ட முடியாது, அதற்குச் சாராயம் வாங்கித்தர முடியாது. போனிடம் ஒருவன் என்ன கேட்டான் என்ற பட்டியல். கூட்டாளியை வெட்டிய ஒருவன், வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள் ‘ரத்தக்கறை போக எந்த சோப்பு’ என்று கேட்டிருந்தான். அடுத்து, ‘ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருடம்’. அதற்கடுத்து, ‘பிரியாணி கடை அருகில்’. அந்த மூன்று வரியை அரசு வக்கீல் படித்தபோது நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவியிடம் சொல்லாததை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லாததை, மனிதர்கள் இந்தக் கண்ணாடித் துண்டிடம் சொல்லிவிடுகிறார்கள். யாரும் கேட்கவில்லை என்று நினைப்பு.

ஓய்வு பெற்ற பிறகு, காலை நேரத்தில் கோர்ட்டுக்கு எதிரே உள்ள டைப்பிங் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். இளம் வக்கீல்களின் மனுக்களில் உள்ள பிழைகளைத் திருத்துவது என் பொழுதுபோக்கு. கடைக்காரர் உடன்குடிப் பக்கத்து ஆள், எல்லோருக்கும் அண்ணாச்சி. “சாருக்கு பென்ஷன் வந்தாலும் கொலை விடமாட்டேங்கு” என்பார். என் மனைவி இதையே இன்னும் கொஞ்சம் காரமாகச் சொல்லுவாள். நாங்கள் பெருமாள் கோயில் ஊர்க்காரர்கள். வீட்டில் முட்டைகூடக் கிடையாது. நான் மட்டும் தினமும் பிணத்தோடு புழங்கிவிட்டு வந்தேன்.

அந்தக் கடைக்குத்தான் அவள் வந்தாள். முப்பத்துநான்கு வயதிருக்கும். கடற்கரைக்காரி. கழுத்தில் மாதா சுருபம், இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். கையில் குற்றப்பத்திரிகை நகல், மீன் பையில் சுற்றியிருந்தது.

“தம்பிய உள்ள வச்சிருக்காவ சார். நீங்க பாத்தா ஓட்டையக் கண்டுபிடிச்சிருவியளாம்.”

“யார் சொன்னது?”

“எல்லாரும் சொல்லுதாவ. முப்பது வருசம் ஓட்டைய அடைச்ச ஆளு, எங்கன இருக்குன்னு அவருக்குத் தெரியும்னு.”

அண்ணாச்சி சத்தமில்லாமல் சிரித்தார். நான் பத்திரிகையை வாங்கினேன்.

கதை இதுதான். அவளுடைய கணவன் சங்குக்குளி ஆள். படகில் எஞ்சினோடு பெல்ட் போட்டு ஒரு கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய். அதன் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பாகம், அதாவது அறுபது எழுபது அடி, ஆழத்தில் சங்கு பொறுக்குவான். மேலே அந்தக் குழாயைக் கையில் பிடித்து, சிக்காமல் மடங்காமல் விட்டுக்கொண்டிருப்பது அவள் தம்பியின் வேலை. மூன்றாவதாகப் படகுக்காரர். படகும் கம்ப்ரசரும் அவருடையவை. ஒரு நாள் காலை பத்தரைக்கு மேல் கணவன் மேலே வந்தான். மூக்கிலும் வாயிலும் ரத்தம். பதினொன்றரைக்குக் கரைக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

போலீஸ் தரப்பு: தம்பி குழாயை மடித்துக் கயிற்றால் கட்டினான், காற்று நின்றது. மூச்சுமுட்டி அவன் மேலே பாய்ந்து வந்ததும், படகில் இழுத்துப் போட்டு நெஞ்சில் மிதித்தான். பிரேதப் பரிசோதனையில் மூன்று விலா எலும்புகள் முறிவு. நுரையீரல் கிழிந்து ரத்தம். படகுக்காரர் வாக்குமூலம்: ‘நான் முன்பக்கம் படுத்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது அவன் கிடந்தான். மச்சினன் பக்கத்தில் இருந்தான்.’ காரணம்: அக்காளை அவன் அடித்துக் கொடுமை செய்தது. இவை எல்லாவற்றுக்கும் ஆணி அடித்ததுபோல ஒரு வரி. தம்பியின் போனிலிருந்து எடுத்த பட்டியலில், சம்பவ நாளில், நேரம் 05:14. ‘மூச்சு நின்னா எத்தன நிமிசத்துல உயிரு போவும்.’

படகு ஐந்தரைக்குக் கிளம்பியது. கிளம்புவதற்குப் பதினாறு நிமிடம் முன்னால், கரையில் நின்றுகொண்டு, ஒருவன் இதைக் கேட்கிறான். ஐந்து மணி நேரம் கழித்துச் செய்கிறான். முன்கூட்டித் திட்டமிட்ட கொலை, ஆயுள் தண்டனை. ஜாமீன் இரண்டு முறை தள்ளுபடி ஆகியிருந்தது. நானாக இருந்தாலும் தள்ளுபடி உத்தரவைச் சந்தோஷமாக வழக்குக் கட்டில் சேர்த்திருப்பேன்.

“சார், செஞ்சது செஞ்சதுதான்” என்றாள் அவள், நான் கேட்காமலே. “அவன் இல்லங்கான், உள்ள இருக்கவன் வேற என்ன சொல்லுவான். எனக்காவத்தான் செஞ்சான். எப்படியாச்சும் வெளிய கொண்டாந்திருங்க.”

எதிரி செய்தானா என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. அது என் மேசைக்கு வரவேண்டிய தபால் அல்ல. “இதை வேற யார்ட்டயும் சொல்லாதே” என்றேன்.

“இது சொல்லல. அவரு என்னய அடிச்சதெல்லாம் இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“கேட்டாவ. பத்து வருசமா ஒருத்தரும் கேக்கலியே சார்.”

இன்ஸ்பெக்டர் எழுதிய அவளுடைய வாக்குமூலத்தை அன்று மத்தியானம் வீட்டில் வைத்துப் படித்தேன். கல்யாணமான இரண்டாம் மாதத்தில் சங்கால் எறிந்ததில் காதுக்குப் பின்னால் ஏழு தையல். குழாயை இரட்டையாக மடித்து முதுகில் அடிப்பது வழக்கம். ரப்பர் என்பதால் தோல் கிழியாது, உள்ளே கன்றிப்போகும். மணிக்கட்டை வாசற்படியில் வைத்து மிதித்தான். ஐந்து மாத வயிற்றில் உதைத்தான். குழந்தை பாவாடையிலேயே வந்தது. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் ‘வழுக்கி விழுந்தேன்’ என்றே சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டின்படி இந்த மாவட்டத்திலேயே அதிகம் வழுக்கி விழுந்த பெண் அவள்தான்.

ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முத்துக்குளித்த காலத்திலிருந்தே, மூழ்குகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்கவேண்டும். சொந்த அண்ணன் தம்பிகூட பங்குக்கு ஆசைப்பட்டுக் கைவிட்டுவிடுவான். மச்சினன் விடமாட்டான், விட்டால் அவன் சகோதரி தாலியறுப்பாள். முத்து போய்விட்டது, கயிறு குழாய் ஆகிவிட்டது, மச்சினன் மட்டும் மாறவில்லை. கணக்கில் ஒரே ஒரு பிழை. சகோதரி விதவையாவதைவிடப் பெரிய கெடுதல் அவளுக்கு இல்லை என்று எடுத்துக்கொண்டு போட்ட ஏற்பாடு அது. இவள் விஷயத்தில் குழாய் பிடித்தவனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அரசு வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொள்வார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அவன் செய்தான் என்றே நினைத்தேன். அவனைக் குறை சொல்லவும் தோன்றவில்லை.

மறுநாள் பட்டியலை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். போலீஸ் ஒரு வரிக்குத்தான் அடிக்கோடு போட்டிருந்தது. மீதி பதினெட்டுப் பக்கங்களை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. மின்னணு ஆதாரத்துக்கு வைக்கவேண்டிய சான்றிதழ் ஒழுங்காக இருந்தது. பழைய சட்டத்தில் 65பி, புதியதில் 63. எந்த எண்ணானாலும் கையெழுத்து, முத்திரை, எல்லாம் உண்டு. ஆனால் சம்பவத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, 03:02 மணிக்கு, அவன் கோயில் பூசையை நேரலையில் பார்த்திருந்தான்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “உன் தம்பி அவ்வளவு பக்திமானா? விடியக்காலம் மூணு மணிக்குப் பூசை பாக்கான்?”

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். “மூணு மணிக்கா? அவன் எட்டரைப் பூசைக்கே எந்திரிக்க மாட்டான் சார். கோயிலுக்கு வரச் சோம்பப்பட்டுக்கிட்டு பாயில படுத்தமானிக்கு போன்ல பாப்பான். சாமியார் பாத்தா செவிட்டுலயே அறைவாரு.”

“எந்தக் கோயில்லயாவது மூணு மணிக்குப் பூசை உண்டா?”

“பேய்க்கா வைப்பாவ?”

மூன்றுக்கும் எட்டரைக்கும் நடுவில் ஐந்தரை மணி நேரம். நேரம் என்ற தலைப்புக்குக் கீழே, எறும்பு அளவில், யூ.டி.சி. என்று மூன்று எழுத்துகள் இருந்தன. உலகப் பொது நேரம். நம் நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் கூட்டவில்லை. ஆய்வுக்கூடத்தில் அச்சடித்தார்கள், இவர் ஒட்டினார், மேலதிகாரி கையெழுத்திட்டார், சிரஸ்தார் — எனக்குப் பின் வந்தவர் — பக்கங்களை எண்ணி வாங்கிக்கொண்டார். நானும் எண்ணி மட்டுமே வாங்கியிருப்பேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வது நல்லது.

05:14 என்றால் 10:44. கரையில் அல்ல, கடலில். திட்டமிட்டது என்ற ஆணி கழன்றுவிட்டது.

இலவச சட்ட உதவியில் அவனுக்குப் போட்டிருந்த வக்கீல் ஒரு இளம்பெண். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “சார், கேஸ் முடிஞ்சது!”

“உட்காரும்மா. இன்னும் மோசமாகலாம்.”

“எப்படி?”

“பத்து நாற்பத்துநாலுக்கு அந்த ஆள் எங்கே இருந்தான்? தண்ணிக்குள்ள காற்று இல்லாம இருந்தானா? படகுல கிடந்தானா? குழாயை மடிச்சுப் பிடிச்சுக்கிட்டே ஒருத்தன் ‘இன்னும் எத்தனை நிமிஷம் பிடிக்கணும்’னு கேட்டா, வாசகம் இதேதான். காலையில கேட்டிருந்தாலாவது, தொழில்ல இருக்கவன், பயத்துல கேட்டான்னு சொல்லலாம். சாகிற நேரத்துல கேட்டதுக்கு என்ன சொல்லுவே?”

அவள் உட்கார்ந்துவிட்டாள். படகுக்காரரோ தூங்கிவிட்டார். பெல்ட் தானாக அறுந்தது என்று தம்பி சொன்னதற்குச் சாட்சி வேறு இல்லை.

அப்போதுதான் அந்த வரியின் கடைசியில் இருந்த ‘குரல்’ என்ற குறிப்பைக் கவனித்தேன். அவன் தட்டச்சு செய்யவில்லை, வாயால் கேட்டிருக்கிறான். எழுதத் தெரிந்தவர்கள்கூட ஈரக்கையோடு வாயால்தான் கேட்பார்கள். போனை முதலில் திறக்கும்போது சம்மதம் கொடுத்திருந்தால், அந்தக் குரலை அந்தக் கம்பெனி கணக்கிலேயே சேமித்து வைத்திருக்கும். போலீஸ் எழுத்தைத்தான் எடுத்தது. சத்தம் எங்கோ இருக்கலாம்.

“மனுப் போட்டு வரவழைப்போம்” என்றாள் வக்கீல்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் கோர்ட்டில் வைத்துத் திறக்காதே என்பது நான் முப்பது வருடத்தில் கற்ற ஒரே தத்துவம். அப்படித் திறந்தவர்களின் கட்சிக்காரர்கள் பலர் பாளையங்கோட்டை ஜெயிலில் இன்னும் தோட்டவேலை செய்கிறார்கள். முதலில் நாம் கேட்க வேண்டும். ஆனால் போன் போலீஸிடம் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் மொபைல் கடைகளின் பெருமையைச் சொல்ல வேண்டும். புதுப் போன் வாங்குகிறவனுக்குக் கடைக்காரரே கணக்குத் திறந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் ‘சம்மதம்’ என்று அழுத்தி, கடவுச்சொல்லையும் அவரே வைத்து, அதை மறக்காமல் இருக்க டப்பாவின் மேல் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக் கொடுப்பார். பாதுகாப்பு நிபுணர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள். அவள் டப்பாவைக் கொண்டுவந்தாள். மஞ்சள் ஸ்டிக்கர், நீல மை. தம்பிக்கு அப்போது வேறு நம்பர் இல்லாததால், சரிபார்க்கும் எண்ணாக அக்காளுடைய நம்பரைக் கொடுத்திருந்தார்கள். ஜெயிலுக்கு மனுப் போட்டுப் பார்க்கப் போனபோது தம்பியிடம் வக்கீல் ஒரு சம்மதக் கடிதமும் வாங்கினாள். தன் குரலைத் தானே கேட்கக்கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடை காலி; வக்கீலும் வந்திருந்தாள். அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கினார். அக்காள் போனுக்கு எண் வந்தது, கடைக் கணினியில் அடித்தோம், கணக்கு திறந்தது. சம்பவ நாள், பத்து நாற்பத்துநான்கு. பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம். பன்னிரண்டு விநாடி.

“கேட்டுட்டா கேட்டதுதான்” என்றேன் அக்காளிடம். “பிடிக்கலைன்னு திருப்பி வைக்க முடியாது. இதுல என்ன இருக்கோ அதை வச்சுத்தான் அவன் ஜெயில்லயே கிழவனாவானா, வெளிய வருவானான்னு இருக்கு.”

“எனக்குத் தெரியும் என்ன இருக்கும்னு” என்றாள். மாதா சுருபத்தைப் பிடித்துக்கொண்டாள். “போடுங்க.”

முதலில் தண்ணீர் படகில் அறையும் சத்தம். அதோடு சேர்ந்து இன்னொரு சத்தம், தாளம் தவறாமல்: ஈரச்சாக்கில் கம்பால் அடிப்பதுபோல், தொப், தொப், தொப். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கொழகொழப்பு, வாயிலிருந்து எதுவோ வெளிவருகிற மாதிரி. பிறகு தம்பியின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு: “மூச்சு நின்னா எத்தன… நிமிசத்துல உயிரு போவும்…” அதன் மேலேயே வேறொரு குரல், கத்தல்: “போனத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் அமுக்குலே! மூக்குல ரத்தம் வருதுலே, நிறுத்தாத, அமுக்கு!” பின்னும் தம்பி, அழுகையாக: “அத்தான்! ஏ அத்தான்!” அதோடு அறுந்துவிட்டது.

அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். நான், வெட்கமாக இருக்கிறது, முதலில் நினைத்தது இதைத்தான்: தூங்கினேன் என்று சொன்ன படகுக்காரர் தூங்கவில்லை. இரண்டாவது: விலா எலும்பு மூன்று ஏன் முறிந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. மிதித்து முறியவில்லை. நின்ற நெஞ்சைத் திரும்ப ஓட்டப் பார்த்ததில் முறிந்தது.

“அவன் செய்யலம்மா” என்று வக்கீல் அவள் தோளைத் தொட்டாள். “காப்பாத்தப் பாத்திருக்கான்!”

அவள் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. “இன்னொருக்க போடுங்க” என்றாள். போட்டேன். மூன்றாவது முறையும் போடச் சொன்னாள். பிறகு எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து வெயிலில் போய்விட்டாள். அதிர்ச்சி என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மூன்று படித்தவர்கள்.

மீதியெல்லாம் நடைமுறை. அது எனக்கு நன்றாக வரும். நாங்கள் எதையும் இறக்கிப் பதியவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. கோர்ட்டின் முன்னிலையில் நிபுணர் அந்தக் கணக்கைத் திறந்து, உரிய சான்றிதழோடு எடுத்துத்தர வேண்டும் என்று மனு. அரசு வக்கீல் கடுமையாக எதிர்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, பாவம். மனு அனுமதிக்கப்பட்டது. அதற்குள் படகுக்காரர் முதல் விசாரணைக்குக் கூண்டில் ஏறி, தூங்கியதை இன்னொரு முறை சத்தியமிட்டுச் சொல்லியிருந்தார்.

நான் பார்வையாளர் பெஞ்சில் இருந்தேன். முன்பெல்லாம் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து சாட்சியின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். அன்றுதான் முகத்தைப் பார்த்தேன்.

“தூங்கினீங்க?” என்று குறுக்கு விசாரணையைத் தொடங்கினாள் எங்கள் சின்ன வக்கீல்.

“ஆமா. நல்ல தூக்கம்.”

“கம்ப்ரசர் பெல்ட் எப்போ மாத்தினது?”

“அது… புதுசுதான்.”

பன்னிரண்டு விநாடியையும் போட்டார்கள். பெரிய ஒலிபெருக்கி, கோர்ட் முழுவதும் தொப், தொப் என்று அந்த நெஞ்சு அடிபட்டது. வராந்தாவில் நின்ற போலீஸ்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். தன் குரலே ‘அமுக்குலே’ என்று கத்தியதும் படகுக்காரர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“பெல்ட் அறுந்துபோச்சும்மா” என்றார். “பழசு. மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன். காத்து நின்னதும் அவன் கீழருந்து மூச்ச அடக்கிக்கிட்டு ஒரே பாய்ச்சல்ல வந்தான். அப்படி வரப்படாது; நெஞ்சு வெடிச்சிரும். வந்ததும் வாயால குடம் குடமா ரத்தம். இந்தப் பய கரை வரைக்கும் அமுக்கிக்கிட்டே வந்தான். எலும்பு ஒடையிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. செத்தவன விடுலேன்னேன், விடமாட்டேனுட்டான்.”

“ஏன் போலீஸ்ல தூங்கினேன்னு சொன்னீங்க?”

“படகு என் பேர்ல இருக்கே.”

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அந்த மாதிரிப் பார்வைக்குக் குறிப்பில் இடமில்லை.

விடுதலைத் தீர்ப்பு வந்த நாளில் அவள் கோர்ட்டுக்கு வரவில்லை. தம்பி வெளியே வந்து, யார் காலிலோ விழவேண்டும் என்று தேடி, கடைசியில் என் காலில் விழப் பார்த்தான். இருபத்தாறு வயது, ஜெயிலில் பத்துக் கிலோ குறைந்திருந்தான். “அக்கா எங்க சார்?” என்றான். வேலையாக இருக்கும் என்றேன். அவள் இறால் கம்பெனியில் தோலுரிக்கிறாள் என்று தெரியும். அங்கே லீவு எளிதில் கொடுக்கமாட்டார்கள் என்று அவனுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு காரணம் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவன் மறுபடி கடைக்கு வந்தான். அக்கா கதவைத் திறக்கவில்லை, மூன்று தடவை போய்விட்டேன், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றான். மூன்று படகுகளிலிருந்து கூப்பிட்டுவிட்டார்களாம். செத்தவனையே கரை வரைக்கும் விடாதவன் கையில் குழாய் இருந்தால் போதும் என்று சங்குக்குளிக்காரர்கள் போட்டி போடுகிறார்களாம். அந்தப் பெருமையை அக்காளிடம் சொல்ல வேண்டுமாம்.

கம்பெனி விடும் நேரத்தில் கேட்டருகே போய் நின்றேன். இறால் நாற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அவள் ரப்பர் செருப்போடு வந்தாள். விரல்நுனிகள் வெந்து வெளுத்திருந்தன.

“தம்பி வந்திருந்தான்.”

“தெரியும்.”

“நிரபராதின்னு கோர்ட்டே சொல்லிட்டுது. நீதானே அலைஞ்சே, எப்படியாச்சும் வெளிய கொண்டாங்கன்னு.”

“கொண்டாந்துட்டியள்ல. போதும்.” கொஞ்சம் தள்ளி வேலிப் பக்கமாக நடந்தாள், நானும் நடந்தேன். “சார், எட்டு மாசம் ஜெயிலுக்குப் போய்ப் பாத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் நிக்கும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குன்னு ஒருத்தன் பொறந்திருக்கான்னு இருக்கும். ரத்தம் கக்கிச் செத்தான்னு சொன்னாவல்ல, அத நெனச்சு நெனச்சு நல்லா தூங்குவேன். என் தம்பி செஞ்சான், எனக்காவ செஞ்சான்னு.”

“அவன் செய்யாததுதானேம்மா நல்லது?”

“என் கைய வாசப்படியில வச்சு மிதிச்சான்ல அந்த ஆளு, அன்னைக்கி இவன் அடுக்களையில உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்தான் சார். எலும்பு ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சு அவனுக்கு. எந்திரிச்சு வரல. படகுல வேலை போயிரும்னு.” அவள் குரலை உயர்த்தவேயில்லை. “அந்த ஆளுக்கு நெஞ்சு நின்னதும் முக்கா மணி நேரம் அமுக்கிருக்கான். அழுதிருக்கான். அவரு எந்திரிச்சிருந்தா அன்னைக்கி சாயந்தரம் யாரு வாங்கியிருப்பா?”

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஏறுவதற்கு முன் திரும்பி, “அவன் நல்லா இருக்கட்டும் சார். என் வாசல்ல வந்து நிக்க வேண்டாம்னு சொல்லிருங்க” என்றாள்.

மறுநாள் அவனிடம் சொன்னேன். “நான் என்ன தப்பு சார் செஞ்சேன்?” என்று கேட்டான். கூண்டில் நின்ற எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். அவர்களுக்குப் பிரிவு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவோம். நான் எதிரில் இருந்த மனுவை இழுத்து வைத்துக்கொண்டேன். அவன், விடியற்காலம் படகு இருக்கிறது என்று சொல்லிப் போனான்.